பொய்ப் பகலும் கோழியின் இரவும்

மின்சாரம் எட்டாதிருந்த காலத்தில் நமது கிராமங்களுக்குப் பொழுதை அறிவித்தது சேவல். தோட்டத்துக்கு நீர் இறைக்கப் புறப்படுகிறவனும், கடலுக்குப் போகிறவனும், அடுப்பு மூட்டுகிறவளும் அதன் குரலைக் கேட்டே எழுந்தனர். விடியலின் வெளிச்சத்தைக் கண்ட பின்னரே சேவல் கூவுகிறது என்பது பலருடைய எண்ணம். ஜப்பானின் நகோயாப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் திருத்தியது. வெளியுலகின் விடியல் தெரியாதவாறு, மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைக்கப்பட்டபோதும், சேவல்கள் ஏறத்தாழ உரிய வேளையிலேயே கூவின. நாளின் கணக்கு அவற்றின் உடலுக்குள்ளேயே ஓடுகிறது. வெளியிலிருந்து வரும் ஒளி அக்கணக்கை நாள்தோறும் சரிசெய்து வைக்கிறது.

இன்று உலகெங்கும் ஆலை முறையில் வளர்க்கப்படும் கோழிகளுள் மிகப் பெருந்தொகையானவை சூரிய ஒளியைக் காணாமலே பிறந்து வளர்ந்து மடிகின்றன. சாளரமற்ற நீண்ட கொட்டில்களில் அவற்றின் பகல் எப்போது தொடங்க வேண்டும், இரவு எத்தனை மணித்தியாலம் நீடிக்க வேண்டும், அல்லது இரவு என்று ஒன்று வேண்டுமா என்பனவெல்லாம் ஒரு மின் ஆளியினால் தீர்மானிக்கப்படுகின்றன. இங்கே ஓர் அறவியல் வினா எழுகிறது. பிறிதோர் உயிரின் பகலையும் இரவையும் நமது ஆதாயத்துக்கேற்பக் கூட்டவும் குறைக்கவும் நமக்கு உரிமை உண்டா? உண்டெனின் அவ்வுரிமையின் எல்லை எது?

மனிதனின் துயரமே தீராத நாட்டில் கோழியின் வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவதா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். அந்த நகைப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. அதற்கு விடை கூறாமல் இக்கட்டுரையை முடித்தல் இயலாது. ஆயினும் அதற்கு முன்னர், விடயத்தின் மெய்ம்மைகளை நாம் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். மெய்ம்மை அறியாத இரக்கம் வெறும் மன உருக்கமாய் முடிந்துவிடும்.

ஒளிக்கும் பறவையின் உடலுக்கும் உள்ள தொடர்பை விஞ்ஞானம் விளக்கத் தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகள் ஆகின்றன. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில், 1920களில், வில்லியம் ரோவன் என்னும் விலங்கியல் அறிஞர் சிறு குருவிகளைக் கடுங்குளிர்காலத்தில் திறந்த வெளிக் கூண்டுகளில் வைத்தார். மாலைதோறும் மின்குமிழ்களை எரித்து அவற்றின் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். சுற்றிலும் பனி உறைந்து கிடக்கையில், அக்குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகள் வசந்த காலத்துக்குரிய வளர்ச்சியைப் பெற்றன. பறவைக்கு வசந்தத்தை உணர்த்துவது வெப்பமன்று, பகலின் நீளமே என்பது இதனாற் புலனாயிற்று. பிரான்சில் ஜாக் பெனுவா 1930களில் வாத்துகளைக் கொண்டு ஆராய்ந்து, கண்ணை இழந்த பறவையின் உடலும் ஒளிக்கு இவ்வாறே இணங்குகிறது எனக் காட்டினார். ஒளி இறகையும் தோலையும் மண்டையோட்டையும் ஊடுருவி மூளையின் அடிப்பகுதியை எட்டுகிறது. அங்கே தோன்றும் தூண்டல் சுரப்பிகளின் வழியே சூலகத்தைச் சென்றடைகிறது. கோழி கண்ணை மூடிக்கொண்டாலும் விளக்கின் கட்டளையிலிருந்து தப்ப முடியாது.

குளிர்நாட்டு உழவர் இவ்விளக்கங்கள் வெளிவருமுன்னரே இதன் பயனைப் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். பகல் குறுகும் குளிர்காலத்தில் அங்கே பேடுகள் முட்டையிடுவதை நிறுத்திவிடும். பழைய இறகை உதிர்த்துப் புதிய இறகு வளர்த்து, உடலைத் தேற்றிக்கொண்டு, வசந்தம் வந்ததும் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். கூட்டில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தால் இந்த ஓய்வு இல்லாமற் போகிறது. குளிர்காலத்தில் முட்டை விலை ஏறியிருக்கும். ஆகவே விளக்கெண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் செலவிட்ட பணம் பன்மடங்காகத் திரும்பி வந்தது. இந்தப் பட்டறிவே பின்னர் ஒழுங்கான முறையாக வளர்ந்தது. இன்று முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணித்தியாலம் ஒளி கொடுத்தல் பொது வழக்கு. நமது நாடு நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், யாழ்ப்பாணத்திலே கூட ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தைச் சற்றே தாண்டும். குளிர்கால ஓய்வு என்னும் பேச்சு இங்கு இல்லை. ஆயினும் பக்கம் திறந்த கொட்டில்களில் சூரியன் தரும் 12 மணித்தியாலத்தோடு அதிகாலையிலும் முன்னிரவிலும் மின்குமிழ் மூன்று நான்கு மணித்தியாலங்களைச் சேர்த்துவிடுகிறது.

கோழியின் மூதாதையாகிய செந்நிறக் காட்டுக்கோழி ஓராண்டில் பத்துப் பதினைந்து முட்டைகளே இடும். இன்றைய முட்டைக் கோழி ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகிறது. இதில் பெரும் பங்கு இனத் தெரிவுக்கும் தீனிக்கும் உரியது. அந்த இனத்தை இடைவிடாது இயக்கி வைப்பது விளக்கு. ஒவ்வொரு முட்டையின் ஓட்டுக்கும் ஏறத்தாழ இரண்டு கிராம் கல்சியம் தேவை. ஓட்டின் பெரும்பகுதி இரவிலே உருவாகிறது. தீனிப்பையிலிருந்து கிடைப்பது போதாத வேளையில் பேடு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக் கொடுக்கிறது. ஓய்வில்லாமல் முட்டையிட்ட பேடுகளின் எலும்பு நலிந்து, நெஞ்செலும்பு முறிதல் பண்ணைகளில் மலிந்த துன்பமாக இருப்பது இதனால் வியப்பன்று. பகல் நீள்கிறது என்பது பறவையின் உடலுக்கு ஒரு செய்தி. உணவு பெருகும் காலம் வருகிறது, குஞ்சு பொரிக்கலாம் என்பது அதன் பொருள். கொட்டிலில் அச்செய்தி பொய். அகலிகை கதையின் நாட்டார் வடிவங்களில் இந்திரன் சேவலாகக் கூவிப் பொய்விடியல் காட்டிக் கௌதமரை ஆற்றங்கரைக்கு அனுப்புகிறான். அங்கே சேவலின் குரலைக் கொண்டு மனிதன் ஏமாற்றப்பட்டான். இங்கே மனிதனின் விளக்கைக் கொண்டு கோழி ஏமாற்றப்படுகிறது.

இறைச்சிக் கோழியின் கதை வேறு. அதனிடம் முட்டை எதிர்பார்க்கப்படுவதில்லை, தசையே எதிர்பார்க்கப்படுகிறது. ஐந்து ஆறு வாரங்களில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை ஏற வேண்டும். இருளில் கோழி தின்பதில்லை. எனவே இருளை ஒழித்துவிட்டால் அது எப்போதும் தின்னும் என்ற கணக்கில், நாளொன்றுக்கு 23 மணித்தியாலம் ஒளியும் ஒரே ஒரு மணித்தியாலம் இருளும் என்னும் முறை நெடுங்காலம் பல நாடுகளில் கைக்கொள்ளப்பட்டது. அந்த ஒரு மணித்தியாலமும் கோழியின் இளைப்பாறலுக்காக அளிக்கப்பட்டதன்று. திடீரென மின்சாரம் நின்றால், இருளையே அறியாத ஆயிரக்கணக்கான கோழிகள் வெருண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சடைத்து மாளும். அந்த நட்டத்தைத் தவிர்க்கவே இருளுக்கு அவை பழக்கப்படுத்தப்பட்டன. ஓர் உயிருக்கு இரவு என்பது விபத்துக்கான ஒத்திகையாக மட்டும் வழங்கப்பட்ட இந்த ஏற்பாட்டில், இம்முறையின் மனப்பான்மை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வாறு நீட்டப்பட்ட பகல் உண்மையிற் பகலுமன்று. நண்பகலில் திறந்த வெளியில் ஒளியின் அளவு ஏறத்தாழ 100,000 லக்ஸ். மர நிழலிலும் அது ஆயிரக் கணக்கில் இருக்கும். மூடிய கொட்டில்களிலோ ஐந்து, பத்து லக்ஸ் அளவிலேயே ஒளி பேணப்பட்டது. மங்கலில் கோழி அதிகம் நடமாடாது. நடமாடாத கோழி தின்ற தீனியைத் தசையாக்கும். மேலும், நெருக்கத்தில் அடைபட்ட கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் குதறுவதும் மங்கலில் குறையும். அமெரிக்காவில் முற்காலத்தில் கோழிகளுக்குச் சிவப்பு நிறக் கண்ணாடிகளை மாட்டிவிட்டனர். இரத்தத்தின் நிறம் தெரியாவிட்டால் கொத்தாது என்பது அவர்களின் எண்ணம். கொத்துவதற்குக் காரணமான நெருக்கத்தையும் வெறுமையையும் விட்டுவிட்டுக் கோழியின் கண்ணைத் திருத்த முற்பட்டமை கவனத்துக்குரியது. அலகை நறுக்குவதும் விளக்கை மங்கச் செய்வதும் இதே வழியிற் பிறந்த மருத்துவங்களே.

கோழியின் கண் நம்முடையதைவிட வளம் மிக்கது. நிறத்தை உணர நமக்கு மூன்று வகைக் கூம்புக் கலங்கள் உள்ளன. கோழிக்கு நான்கு, நமக்குப் புலப்படாத ஊதாக்கடந்த ஒளியும் அதற்கு ஓரளவு புலப்படும். சாதாரண மின்விளக்கின் ஒளியில் அந்தப் பகுதி இல்லை. நமக்கு நிலையாக எரிவதாகத் தோன்றும் சில விளக்குகள் அதன் கண்ணுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இருள் இல்லாத நிலையில், உறக்கத்தையும் உடலின் ஒழுங்கையும் பேணும் மெலற்றோனின் என்னும் சுரப்பு வேண்டிய அளவு சுரப்பதில்லை. இடையறாத ஒளியில் வளர்ந்த குஞ்சுகளின் கண்கோளம் வீங்கிப் பெருப்பதையும், உடல் எடையைத் தாங்க மாட்டாது கால்கள் நோய்ப்படுவதையும், இறப்பு மிகுவதையும் ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. 23 மணித்தியால ஒளியில் வளர்ந்த கோழிகள், 20 மணித்தியால ஒளியில் வளர்ந்தவற்றை வளர்ச்சியில் மிஞ்சவில்லை. இரவைப் பறித்தவனுக்கு அவன் எதிர்பார்த்த ஆதாயமும் முழுமையாகக் கிடைக்கவில்லை. வட அயர்லாந்தில் பெல்பாஸ்ற் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், சாளரம் வழியே சூரிய ஒளி பெற்ற கோழிகள் மிகுதியாக நடமாடின எனவும் அவற்றின் கால்கள் நன்னிலையில் இருந்தன எனவும் கண்டனர்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு, இயற்கை ஒளி நன்று, செயற்கை ஒளி தீது என்று முடிவு கட்டிவிடலாமா? அவ்வாறு முடிவு கட்டுவது எளிது; ஆயினும் தவறு. தாயற்ற குஞ்சுகளுக்கு முதல் வாரங்களில் வெப்பம் தரும் விளக்கு செயற்கையானதே. அது இல்லையேல் அவை குளிரில் விறைத்துச் சாகும். நமது நாட்டு நண்பகல் வெயில் இயற்கையானதே. தகரக் கூரையின்கீழ் நிழலும் காற்றும் இன்றி அதில் அகப்பட்ட கோழி வெப்பத்தால் மூச்சுத் திணறி மாளும். கீரியும் நரியும் இயற்கையானவையே. அவற்றிலிருந்து கோழியைக் காப்பாற்றுவது மனிதன் அடித்த கூடு.

இதைவிட ஆழமான காரணமும் ஒன்று உண்டு. இயற்கை என்னும் சொல்லை அறத்தின் அளவுகோலாகக் கொள்வது நம்மைப் போன்றோருக்கு ஆகாது. சாதியை இயற்கை என்றார்கள். பெண் அடங்கி நடப்பதை இயற்கை என்றார்கள். சிலர் உழைக்கவும் சிலர் உண்ணவும் பிறந்தது இயற்கை என்றார்கள். மனித முன்னேற்றத்தின் வரலாறு முழுவதும் இவ்வாறு இயற்கை என்று சொல்லப்பட்டவற்றை எதிர்த்து எழுந்த வரலாறாகும். இருளை வென்ற விளக்கை நாம் பழிக்க மாட்டோம். குப்பி விளக்கின் புகையிலே படித்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு மின்விளக்கின் அருமை தெரியும்.

எனவே நமது அளவுகோல் வேறாதல் வேண்டும். ஒளி எங்கிருந்து வருகிறது என்பது வினாவன்று. அந்த ஒளி அவ்வுயிரின் தேவைக்கு இடமளிக்கிறதா, அல்லது அவ்வுயிரின் இயல்பையே கருவியாக்கி அதற்கெதிராகத் திருப்புகிறதா என்பதே வினா. கோழிக்கு விடியல் வேண்டும். மண்ணைக் கிளறவும் புழுதியிற் குளிக்கவும் போதிய வெளிச்சமுள்ள பகல் வேண்டும். பரணைத் தேடி ஏறி அமர்வதற்கு மெல்ல மங்கும் அந்தி வேண்டும். உறங்குவதற்கு உண்மையான இருள் வேண்டும். இந்த நான்கையும் மின்விளக்கு தருமாயின் அவ்விளக்கு நல்லதே. சூரியனின் வெளிச்சத்தோடு இரண்டு மணித்தியாலம் சேர்ப்பதற்கும் இரவையே ஒழிப்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, அளவின் வேறுபாடாகத் தொடங்கித் தன்மையின் வேறுபாடாக முடிகிறது.

உழைக்கும் மக்களின் வரலாறு அறிந்தோருக்கு இந்தக் கதை புதிதன்று. இங்கிலாந்தில் சல்போர்ட் நகரத்து பிலிப்ஸ் அன்ட் லீ பஞ்சாலையில் 1805ஆம் ஆண்டளவில் வாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. அதுவரையில் சூரியன் மறைந்தால் மெழுகுதிரியின் செலவும் தீவிபத்தின் அச்சமும் வேலை நேரத்துக்கு ஓரளவு வரம்பிட்டன. வாயு விளக்கு அவ்வரம்பைத் தளர்த்திற்று. இயந்திரம் இரவில் சும்மா நிற்பது முதலாளிக்கு நட்டமாகத் தோன்றிற்று. இரவுக்கும் பகலுக்கும் சட்டமே வரைவிலக்கணம் கூற வேண்டிய நிலை வந்தது. 1833ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் காலை ஐந்தரை மணியிலிருந்து இரவு எட்டரை மணி வரையுள்ள பொழுதை ஆலையின் பகல் என வகுத்து, அதற்குப் புறம்பான வேளையில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோரை வேலை வாங்குவதைத் தடுத்தது. 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ நூலின் முதலாம் பாகத்தில், வேலைநாள் பற்றிய அதிகாரத்திலே, பகல் எது இரவு எது என்னும் எளிய கருத்துகளும் குழம்பிப்போய், நீதிபதி ஒருவர் அவற்றுக்கு விளக்கம் கூறத் திண்டாடியதை மார்க்ஸ் கசப்பான நகையோடு எடுத்துரைக்கிறார். 1886 மே மாதத்தில் சிக்காகோவில் எட்டு மணித்தியால வேலைநாளுக்காக மக்கள் வீதிக்கு வந்தபோது அவர்கள் கோரியது கூலியைப் பற்றியது மட்டுமன்று. இரவும் ஓய்வும் தமக்கே உரியவை என்று கோரினர்.

கோழியும் தொழிலாளியும் ஒன்று என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது தொழிலாளியை இழிவு செய்வதாகும். தொழிலாளி தன் நிலையை உணர்ந்து சங்கம் அமைக்கிறான், வேலை நிறுத்தம் செய்கிறான், வரலாற்றை மாற்றுகிறான். கோழியால் இவற்றுள் ஒன்றும் ஆகாது. ஆனால் இரண்டு இடங்களிலும் தொழிற்படும் தர்க்கம் ஒன்றே. உயிருள்ள உடலின் ஓய்வு வேளையை வீணாகும் வேளை என்று கணக்கிடுவதே அத்தர்க்கம். கோழியின் விடயத்தில் அதை எதிர்த்துக் குரல் கொடுக்க அக்கோழிக்கு நாவில்லை என்பதனால் நமது பொறுப்பு குறையவில்லை; கூடுகிறது.

இப்பொழுது நண்பர்களின் ஆட்சேபத்துக்கு வருவோம். மலையகத்துத் தோட்டக் குடும்பத்தின் குழந்தைக்கும், வன்னியின் கூலி விவசாயியின் குழந்தைக்கும் எளிதில் எட்டக்கூடிய புரதம் முட்டை. அதன் விலை ஏறுமானால் முதலில் அதை இழப்பது அந்தக் குழந்தையே. கொழும்பின் வசதியுள்ள வீடு இழக்காது. அப்படியிருக்க, கோழியின் நலத்துக்காக முட்டையின் விலையை உயர்த்தச் சொல்வது ஏழையின் தட்டிலிருந்து எடுத்துக் கோழிக்குத் தருமம் செய்வதாகாதா? இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

முட்டையின் விலை எதனால் ஆகிறது என்று பார்ப்போம். உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தீனிக்கே போகிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் சோள விளைச்சல் வீழ்ந்தது. அந்நியச் செலாவணி வற்றியதால் தீனியின் மூலப்பொருள்களை இறக்குமதி செய்யவும் முடியவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றது. பண்ணைகள் நலிந்தன, முட்டை எட்டாக் கனியாயிற்று, 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையைப் பறித்தது கோழிக்குக் கொடுத்த இரவன்று. பறித்தவை கடனும் தவறான ஆட்சியும் செலாவணிப் பஞ்சமும் ஆகும். இறைச்சிக் கோழிக்கு ஆறு மணித்தியாலம் விளக்கை அணைப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. மின்சாரச் செலவு குறையவும் செய்யும். முட்டைக் கோழிக்கு எட்டு மணித்தியால இருள் கொடுத்தாலும் 16 மணித்தியால ஒளி எஞ்சி நிற்கிறது. இடத்தை அகலமாக்குவதும் வெளியே உலாவ விடுவதும் செலவு மிக்கவை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அச்செலவை யார் தாங்குவது என்பது தனியே விவாதிக்க வேண்டிய பொருள். ஆனால் இரவைத் திருப்பிக் கொடுப்பது அவற்றோடு சேர்ந்ததன்று. மிகச் சிறு செலவில் தீர்க்கத்தக்க துன்பத்தைத் தீர்க்காமல் விடுவதற்கு ஏழையின் பெயரைச் சாட்டுவது ஏழைக்கும் செய்யும் அநீதியே.

இன்னொரு புறத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். கொல்வதே பாவமாயிருக்க, கொல்லுமுன் விளக்கை அணைப்பதில் என்ன அறம் என்று சைவ நெறியாளர் கேட்பர். கொல்லாமையை உண்மையாகக் கைக்கொள்பவரை நாம் மதிக்கிறோம். ஆயின் நமது சமுதாயத்தில் மரக்கறி உணவு இரக்கத்தின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. சாதி உயர்வின் அடையாளமாகவும் இருந்தது. உயிர்க்கருணை பேசியவர்களுட் சிலர், 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயத்தினுள் நுழைய வந்தபோது கதவை அடைத்து நின்றதை வரலாறு மறக்கவில்லை. 2017இல் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் கோயில்களில் விலங்குகளைப் பலியிடுவதற்குத் தடை விதித்தபோது பலர் அதை வரவேற்றனர். கோயில் வாசலில் மடியும் ஒரு சேவலுக்காகக் கலங்கும் மனம், கொட்டிலுக்குள் இரவே காணாத பல்லாயிரம் கோழிகளை எண்ணாதிருப்பது ஏன்? முன்னது கண்ணெதிரே நடக்கிறது, பின்னது சுவருக்குள்ளே நடக்கிறது என்பது ஒரு காரணம். முன்னதைச் செய்பவர் பெரும்பாலும் எளியவர், பின்னதில் ஆதாயம் பெறுபவர் வலியவர் என்பது மற்றொரு காரணம். உண்பவரும் உண்ணாதவரும் கருத்து வேறுபடலாம். உயிரோடிருக்கும் நாள்வரை அதன் வாழ்வு எப்படி இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் பொறுப்பு உண்டு.

பழியை யார்மேற் சுமத்துவது என்பதிலும் நாம் நிதானமாயிருத்தல் வேண்டும். ஒப்பந்த வளர்ப்பு முறை பல நாடுகளில் பரவியிருக்கிறது. அதில் குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பனிக்குச் சொந்தம். கொட்டிலும் அதைக் கட்டப்பட்ட கடனும் வளர்ப்பவருக்குச் சொந்தம். எத்தனை மணிக்கு விளக்கேற்றுவது, எப்போது அணைப்பது என்ற அட்டவணையையும் கம்பனியே வகுத்துக் கொடுக்கிறது. ஆளியின்மேல் விரல் வைப்பவர் சிறு வளர்ப்பாளர். அந்த விரலை அசைப்பது தொலைவிலுள்ள கணக்கேடு. பெரிய இறைச்சி ஆலைகளிலே உயிர்க்கோழிகளைத் தலைகீழாகக் கொளுவும் அறையில், கோழிகள் படபடக்காதிருக்கும் பொருட்டு மங்கலான நீல விளக்கு எரிகிறது. அந்த மங்கலிலேயே தொழிலாளரும் வேலை நேரம் முழுவதும் நிற்கிறார்கள். கோழிக்காக வகுத்த வெளிச்சம் தொழிலாளியின் கண்ணையும் ஆள்கிறது. இவ்விரு துன்பங்களையும் ஒன்றுக்கொன்று பகையாக நிறுத்துவோர் இந்த அறையை எண்ணிப் பார்த்தல் நன்று.

மாற்றம் இயலாததன்று. 1964இல் ரூத் ஹரிசன் என்னும் ஆங்கிலப் பெண்மணி ‘விலங்கு இயந்திரங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பிலே நூலொன்றை வெளியிட்டு, மூடிய கொட்டில்களின் மங்கலை மக்கள் முன் வைத்தார். எழுந்த கொந்தளிப்பினால் பிரித்தானிய அரசு பேராசிரியர் பிராம்பெல் தலைமையிற் குழு அமைத்தது. 1965இல் அக்குழு, வளர்ப்பு விலங்குக்கு எழவும் படுக்கவும் திரும்பவும் உடலைக் கோதவும் உறுப்புகளை நீட்டவும் இயல வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக் கோழிகளுக்கு நாளில் மூன்றிலொரு பங்கு அளவில் இடையறாத இருளும், விளக்கு அணையுமுன் அந்திப் பொழுது போன்ற இடைவேளையும் வேண்டுமெனப் பணித்தது. 2007இல் இறைச்சிக் கோழிகளுக்கு ஒளியுள்ள வேளையில் குறைந்தது 20 லக்ஸ் வெளிச்சமும், நாளில் ஆறு மணித்தியால இருளும், அதில் நான்கு மணித்தியாலமேனும் இடைமுறியாத இருளும் விதித்தது. முதல் வாரக் குஞ்சுகளுக்கும் கடைசி மூன்று நாள்களுக்கும் மட்டும் விலக்களித்தது. இவ்விதிகள் முழு நீதியல்ல. 20 லக்ஸ் என்பது இன்னும் மங்கலே. அந்நாடுகளின் கோழித் தொழில் இவ்விதிகளால் அழிந்துவிடவில்லை என்பதையேனும் நாம் குறித்துக்கொள்ளலாம்.

நமது நாட்டில் விலங்குகளுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907இல் இயற்றப்பட்டது. அன்று கொடுமை என்றால் அடியும் அளவிறந்த சுமையுமே மனத்தில் இருந்தன. விளக்கை அணைக்காதிருப்பதும் கொடுமையாகலாம் என்று அக்காலத்தவர் எண்ணியிருக்க இயலாது. இன்று நாம் எண்ணக் கடமைப்பட்டிருக்கிறோம். குருநாகலிலும் புத்தளத்திலும் கம்பகாவிலும் செறிந்துள்ள கோழித் தொழில் நாளுக்கு நாள் மூடிய கொட்டில்களை நாடுகிறது. அந்தக் கொட்டில்கள் கட்டப்படும் வேளையே சாளரம் வேண்டும், அந்தி வேண்டும், இரவு வேண்டும் என்று விதி செய்யத் தக்க வேளை. கட்டிய பின் சுவரை இடிக்கச் சொன்னால் கடன் பட்ட வளர்ப்பாளரே வருந்துவார். கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் ஒளிக்கும் இருளுக்கும் குறைந்த அளவை விதித்து, அதைக் கம்பனியின் அட்டவணைக்கு மேலான கட்டளையாக்க வேண்டும். மாற்றத்துக்கான செலவைச் சிறு வளர்ப்பாளர் தலையிற் சுமத்தாமல், ஆதாயம் பெறும் பெரிய கம்பனிகளும் அரசும் ஏற்க வேண்டும். தொழிலாளர் சங்கங்கள் கொட்டிலிலும் ஆலையிலும் நிற்போரின் வேலை நிலைமையோடு சேர்த்தே இதைப் பேசலாம்.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனிக் கடமை உண்டு. நமது பள்ளிக்கூடங்களில் விவசாயப் பாடம் படிக்கும் மாணவனுக்கு, ஒளி நேரம் கூடினால் முட்டை கூடும் என்று கற்பிக்கிறோம். அது உண்மை, கற்பிக்கத்தான் வேண்டும். அந்த ஒளி கோழியின் மூளையில் என்ன செய்கிறது, எலும்பில் என்ன செய்கிறது, இருள் எதற்காக வேண்டும் என்பதையும் அதே பாட வேளையில் கற்பிப்போமாயின், விளக்கின் பக்கத்தில் நிற்கும் அந்த மாணவன் நாளை ஆளியைத் தொடும்போது தான் செய்வது இன்னதென்று அறிந்து தொடுவான். இரவு எட்டு மணித்தியாலம் அந்தக் கொட்டில் இருண்டு கிடக்கட்டும். அதனால் நமக்குக் குறையக்கூடிய சில முட்டைகளை நாம் கணக்கில் எழுதிக்கொள்வோம். உயிருள்ள ஒன்றிடமிருந்து பெறும்போது விட்டுக்கொடுக்க வேண்டிய பங்கு அது.